வாயிருந்தால் வங்காளம் போகலாம். ஸ்காட்லாந்து போக என்ன வேண்டும்?

ஓசூர், மத்திகிரிப் பக்கம் ஒரு வீடு. ராத்திரி ஒன்பது மணி. கூடத்தில் ஒரு பழைய துணிப்பையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் ஒருவர். காலாவதியான இன்சூரன்ஸ் காகிதம், பெர்மிட் நகல், டோல் ரசீதுகள். எல்லாவற்றுக்கும் அடியில் எட்டாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய ஒரு டி.டி.கே. ரோடு மேப். அதில் ஓசூர் இன்னும் தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிறது. பெங்களூர் ரோடு இன்னும் என்.எச். 7.

செல்போனில் வீடியோ கால். அந்தப் பக்கம் மகள். ஸ்காட்லாந்தில் இன்வெர்னஸ் என்ற ஊரில் நர்ஸ் வேலை.

"அப்பா, இந்தக் காலத்துல யாருப்பா பேப்பர் மேப் எடுத்துட்டு வராங்க? போன்ல எல்லாம் இருக்குப்பா."

"இது இல்ல பாப்பா. அந்த ஊரு மேப்பு ஒண்ணு வாங்கி வைன்னுதான் சொன்னேன்."

"வேணாம்ப்பா. சிரிப்பாங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேப்பை மறுபடி எட்டாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

தெருவில் அவருக்குப் பெயர் சின்ன யானைக்காரர். டாடா ஏஸ் வண்டிக்கு நம்ம பக்கம் சின்ன யானை என்றுதான் பெயர், தெரியாதவர்களுக்காக. சிப்காட்டில் இருக்கும் சின்னச் சின்ன லேத் பட்டறைகளில் இருந்து பாகங்களை ஏற்றிக்கொண்டு பொம்மசந்திரா, ஜிகணி என்று போய் இறக்கிவிட்டு வருவது தொழில். வயது 54. அதற்கு முன்னால் பல வருஷம் லாரி. வடக்கே நாக்பூர் வரை போனவர்.

2024 மே மாதம் மனைவியோடு மகள் வீட்டுக்கு இரண்டு வாரம் போவதாக ஏற்பாடு. மகளுக்கு கார் ஓட்டத் தெரியாது. வாடகைக் கார் எடுத்து அப்பாதான் ஓட்ட வேண்டும். பிரிட்டனில் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சுற்றுலா போகிறவர் சொந்த நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டே 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். இருந்தாலும் கையில் ஒன்று இருக்கட்டும் என்று ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வாங்கிவிட்டார். அது ஒரு வருஷம் செல்லும். எல்லாம் சரி. வழிக்கு மட்டும் பேப்பரா, போனா என்பதில்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் வாய்க்கால் தகராறு.

ஏதோ பழங்கால மனுஷர், டெக்னாலஜி தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன யானையின் டேஷ்போர்டில் முருகர் படத்துக்குப் பக்கத்திலேயே செல்போன் ஹோல்டர் இருக்கிறது. இ-வே பில் நம்பரை வாட்ஸப்பில் வாங்கி, டெலிவரி போட்டோவை அனுப்பி, ஜிபேயில் வாடகை வாங்குகிறவர். பொம்மசந்திராவில் டிராபிக் எப்படி என்று தினமும் போனில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அப்படிப்பட்டவர் ஏன் பேப்பர் கேட்கிறார்? அதற்கு இரண்டு கதை இருக்கிறது.

முதல் கதை

ராயக்கோட்டையில் ஒரு காதுகுத்து. முடிந்து ராத்திரி தனியாக ஓசூருக்குத் திரும்புகிறார். கேழ்வரகு அறுவடைக் காலம். ஒரு ஆப்பில் வழி போட்டிருந்தார். மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஏழு நிமிஷம் மிச்சம் என்று காட்டியது. திரும்பினார்.

ஓசூர்க்காரர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. பன்னேர்கட்டா, ஜவளகிரிக் காடுகளில் இருந்து யானைக் கூட்டம் சானமாவு காடு வரை வந்து போவது வருஷா வருஷம் நடப்பதுதான். கேழ்வரகு விளைந்தால் அதற்கு மூக்கு வியர்த்துவிடும். வளைவு திரும்பியதும் ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டின் குறுக்கே நான்கு கால்கள் தெரிந்தன. பின்னால் இன்னும் நான்கு. சின்ன யானைக்கு எதிரே பெரிய யானை!

லைட்டை அணைத்து, இன்ஜினை அணைத்து, மூச்சையும் பாதி அணைத்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. அவை தாண்டிப் போன பிறகும் முன்னால் போகத் தைரியம் வராமல், லைட்டு போடாமல், ரிவர்ஸிலேயே மெயின் ரோடு வரை வந்து சேர்ந்தார். அங்கே டீக்கடையில் விஷயத்தைச் சொன்னால், கடைக்காரர் சாதாரணமாகக் கேட்டாராம்: "மூணு நாளா அங்கதானேண்ணா நிக்குது? ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கலாமே?"

கவனியுங்கள். பேப்பர் மேப்பிலும் யானை இருக்காது. ஆப்பிலும் இல்லை. டீக்கடையில் மட்டும் இருந்தது.

நம்ம ஊரின் உண்மையான மேப் இதுதான். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஓசூர் டிரைவருக்கு ஒன்றல்ல, மூன்று வாய். ஜுஜுவாடி வரை தமிழ். அத்திப்பள்ளி தாண்டினால் போர்டெல்லாம் கன்னடம், பேச்சும் கன்னடம். பாகலூர், பேரிகைப் பக்கம் தெலுங்கு. ஒரே டிரிப்பில் மூன்று பாஷையிலும் வழி கேட்டுவிட்டு வருவார்கள். இத்தனை வருஷத்தில் அந்த டி.டி.கே. மேப்பை சின்ன யானைக்காரர் விரித்தது மொத்தம் பத்துத் தடவை இருக்கலாம். மீதியெல்லாம் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, "அண்ணா, இந்த ரோடு எங்க போகுது?" தான்.

இரண்டாவது கதையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு அப்புறம் வருவோம்.

கொஞ்சம் சரித்திரம்

மேப் என்பது நமக்கு அந்நியமான சமாச்சாரமா? இல்லவே இல்லை. உலகத்தின் மிகப் பெரிய அளவை வேலைகளில் ஒன்று தொடங்கியதே சென்னையில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் சங்கிலியை வைத்து ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளக்க ஆரம்பித்தார். அந்தக் கோட்டை அடியாக வைத்து, குன்றின் மேலும் கோபுரத்தின் மேலும் ஏறி, முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வழியே மங்களூர் வரை கொண்டுபோனார்கள். பெங்களூரில் 1804ல் இன்னொரு அடிக்கோடு அளந்து முதல் கணக்கைச் சரிபார்த்தார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த தியோடலைட் கருவியின் எடை மட்டும் அரை டன். 1808ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அது மோதி அடிபட்டதும், லாம்டன் உட்கார்ந்து அதைச் சரி செய்ததும் தனிக் கதை.

அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே நம்ம பக்கத்துக்குச் சங்கிலி வந்துவிட்டது. 1792ல் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீட் கலெக்டர், தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். கிருஷ்ணகிரிச் சுற்றுவட்ட நிலத்தையெல்லாம் அளந்தார்கள். எதற்கு? நமக்கு வழி காட்டவா? வரி போட!

அதுதான் விஷயம். நம்ம நாட்டில் மேப் என்பது ரொம்ப காலம் சர்க்கார் பீரோவுக்குள் இருந்த பொருள். சர்வே ஆஃப் இந்தியா 1767லேயே தொடங்கிய துறை. ஓசூருக்கு 57எச், கிருஷ்ணகிரிக்கு 57எல் என்று துல்லியமான தாள்கள் உண்டு. ஆனால் எந்த லாரி டிரைவர் அதைப் பார்த்திருக்கிறார்? ராணுவத்துக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று என்று இரண்டு வகையாகப் பிரித்ததே 2005ஆம் வருஷ தேசிய மேப் கொள்கையில்தான். இந்தியக் கம்பெனிகள் முன் அனுமதி வாங்காமல் மேப் தயாரிக்கலாம் என்று கதவு திறந்தது 2021 பிப்ரவரியில். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கேயும் ராணுவத்துக்காக 1791ல் தொடங்கியதுதான் ஆர்ட்னன்ஸ் சர்வே. ஆனால் அந்த மேப் பிற்பாடு புத்தகக் கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் வந்துவிட்டது. மலை ஏறுகிறவர், சைக்கிளில் போகிறவர் எல்லோரும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆக, வெள்ளைக்காரன் காகித மேப்பிலிருந்து ஆப்புக்கு வந்தான். நாம் டீக்கடையிலிருந்து நேராக ஆப்புக்குத் தாவிவிட்டோம். நடுவில் ஒரு படி விட்டுப்போனது.

இன்றைக்கு அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மேப்போடு வண்டியே தயாராகிறது. ஓசூரில் ஏத்தர் தொழிற்சாலை, போச்சம்பள்ளியில் ஓலா தொழிற்சாலை. வண்டியின் முன்னாலேயே திரை, திரையிலேயே வழி. ஓலா 2024 ஜூலையில் கூகுள் மேப்ஸை விட்டுவிட்டுச் சொந்த மேப்புக்கு மாறியதாக அறிவித்தது. வரிக்காக நிலம் அளந்த ஊரில் இன்று ஸ்கூட்டருக்குள் மேப்!

ஆப் எப்படி வழி சொல்கிறது?

இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஜி.பி.எஸ்.ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் போன் தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். 2000ஆம் வருஷம் மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தப்பும். அந்தத் தடையை எடுத்த பிறகுதான் காரில் வழி காட்டும் கருவிகள் சூடு பிடித்தன.

நெட் எதற்கு வேண்டும் என்றால் மேப்புக்கும், டிராபிக்குக்கும், மாற்று வழிக்கும். சிக்னல் போனால் நீலப் புள்ளி இருக்கும். அதைச் சுற்றி ரோடு இருக்காது. கோயில் திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி தான் நிற்கும் இடம் தெரியும், வீடு எந்தப் பக்கம் என்று தெரியாது. அதனால்தான் கிளம்பும் முன்பே அந்தப் பகுதி மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வைக்கச் சொல்கிறார்கள். (எத்தனை பேர் செய்கிறோம்?)

இன்னொன்று. ஆப்பின் கணக்கு பெரும்பாலும் நேரக் கணக்கு. எது சீக்கிரம் என்று பார்க்கும். ஓட்டுகிறவர் புதியவரா, வண்டி லாரியா, பாலம் எவ்வளவு உயரம், மழையா, ராத்திரியா என்பதெல்லாம் அதற்கு முழுதாகத் தெரியாது. 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் மேப்பை நம்பி வந்து படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. படத்தைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். அதே வருஷம் நவம்பரில் உத்தரப்பிரதேசம் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றில் நடந்தது சிரிப்பதற்கில்லை. வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துப் போயிருந்த பாலத்தில் ஏறிய கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப்பில் ரோடு இருந்தது, தரையில் இல்லை. மேப்பை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அந்த இடத்தில் ஒழுங்காக ஒரு தடுப்பு வைத்திருந்தால் அந்த மூன்று பேரும் வீடு போயிருப்பார்கள்.

எல்லா நாட்டிலும் ஒரே ஆப் வேலை செய்யும் என்ற நினைப்பும் தப்பு. துல்லியமான மேப் தகவலை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக கூகுள் கேட்டபோது தென்கொரியா 2016ல் மறுத்துவிட்டது. அங்கே கார் ஓட்டுகிறவர்கள் உள்ளூர் ஆப்களைத்தான் நம்பியிருந்தார்கள். சீனாவில் சட்டப்படியே மேப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பார்கள். வெளிநாட்டு மேப்பில் பார்த்தால் ஆள் ஆற்றுக்குள் நிற்பது போலக் காட்டும். போகும் நாட்டில் எது ஓடும் என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

சரி, ஸ்காட்லாந்துக்கு வருவோம்

இன்வெர்னஸில் முதல் நாள் காரை எடுத்தார் சின்ன யானைக்காரர். போர்டில் 60 என்று இருக்கிறது. இவரும் மரியாதையாக 60ல் போகிறார். பின்னால் வரிசையாகப் பத்து வண்டி. "என்ன பாப்பா, ஊர்வலமா?" என்கிறார். அங்கே எல்லாம் மைல் கணக்கு. இவர் மீட்டரின் உள்வட்டத்தில் இருந்த சின்ன எழுத்துக் கிலோமீட்டரைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். :-)

செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் 200 பவுண்டு அபராதம், லைசென்ஸில் ஆறு புள்ளி. போனை ஹோல்டரில் மாட்டியாயிற்று. அது இங்கிலீஷில் பேசிக்கொண்டே வந்தது. ரவுண்டானாவில் மூன்றாவது வழி, பிறகு இடது, பிறகு நேர். காருக்குள் வேறு யாரும் பேசவில்லை. பின் சீட்டில் இருந்த வீட்டம்மாவுக்கு எங்கே போகிறோம், எந்தத் திசையில் போகிறோம் என்றே தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறாள். பஸ் ஏறுமிடம், இறங்குமிடம், நடுவில் செல்போன்.

இரண்டாம் நாள் காலை பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் மனுஷர் உள்ளே போய் ஒரு ரோடு மேப் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அதை வீட்டம்மா மடியில் வைத்தார். "நீ பாத்துட்டு வா."

"எனக்கு இங்கிலீஷ் எங்கங்க தெரியும்?"

"ரோட்டுக்கு என்ன இங்கிலீஷ்? கோடு போட்டிருக்கும், பாரு."

அன்று போக வேண்டியது ஆப்பிள்கிராஸ் என்ற கடலோரக் கிராமம். ஆக்னஷீன், லாக்கரன் தாண்டி டோர்னாபிரஸ் என்ற இடத்தில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் பெயலக் நா பா என்ற மலைப்பாதை. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 626 மீட்டருக்கு ஏறி இறங்கும் ஒற்றைத் தடம். தூரம் 11 மைல். நேராகப் போனால் ஷீல்டெய்க் வழியாகக் கடலை ஒட்டிச் சுற்றிவரும் பாதை. கிட்டத்தட்ட மூன்று மடங்கு தூரம்.

போனில் நீலக்கோடு மலை மேல் போனது. சிக்னல் எப்போதோ போய்விட்டது. காலையில் போட்ட கோடு மட்டும் அப்படியே இருந்தது. வேறு வழி இருக்கிறதா என்று கேட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய போர்டு: ஓட்டப் பழகுகிறவர்கள், மிகப் பெரிய வண்டிகள், கேரவன் வண்டிகள் முதல் மைலுக்கு மேல் போவது உசிதமில்லை. மலை உச்சி மேகத்துக்குள் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். டீக்கடை இல்லை. ஆள் இல்லை. நான்கு ஆடு மட்டும் நின்றது. கண்ணாடியை இறக்கி யாரிடம் கேட்பது?

வண்டியை ஓரம் கட்டி, மேப்பை பானட் மேல் விரித்தார். காற்று. நான்கு மூலையையும் நான்கு கை பிடித்துக்கொண்டது. மலைப்பாதையின் கோட்டின் மேல் குட்டிக் குட்டி அம்புக்குறிகள். இது என்ன என்று மகளைக் கேட்டார். ஓரத்தில் இருந்த விளக்கத்தைப் படித்து அவள் சொன்னாள்: "செங்குத்தான இடம்ப்பா. ஒரு அம்புன்னா ஏழடிக்கு ஒரு அடியில இருந்து அஞ்சடிக்கு ஒரு அடி வரைக்கும் ஏறும். ரெண்டு அம்புன்னா அதுக்கும் மேல."

அவர் கொஞ்ச நேரம் அந்த அம்புக்குறி மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது சொன்னதுதான் இரண்டாவது கதை. 1999. தர்மபுரி தாண்டி சேலம் ரோட்டில் தொப்பூர் கணவாய். இப்போது போல அடிக்கொரு எச்சரிக்கை போர்டு இல்லாத காலம். இவர் ஒரு லாரி, முன்னால் இவருடைய கூட்டாளி ஒரு லாரி. கூட்டாளிக்கு அந்த ரோடு புதுசு. இவருக்குப் பழக்கம். கிருஷ்ணகிரியில் டீ குடிக்கும்போது, தொப்பூர் வந்தால் கியரைக் குறைத்துப் பிடி என்று சொல்ல நினைத்தார். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. சொல்லவில்லை. கூட்டாளி நியூட்ரலில் இறக்கி, பிரேக் சூடேறி, பிடிக்காமல் போய்விட்டது.

"மேப்புல பாத்தா தொப்பூரும் நேர் கோடுதான், ஓமலூரும் நேர் கோடுதான்" என்றார். "இப்படி ஒரு அம்பு போட்டிருந்தா அவனே பாத்திருப்பான். நான் சொல்லாமப் போனாலும்."

இருபத்தைந்து வருஷமாக வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாத விஷயம். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வீட்டம்மாதான் மேப்பில் கடலோரமாகப் போன நீளக் கோட்டைத் தொட்டார்.

"இது எங்கங்க போகுது?"

"அதுவும் அங்கதான்மா போகுது" என்றாள் மகள். "ஆனா ரொம்பச் சுத்து."

"சுத்துனா என்ன? நமக்கு அங்க என்ன முகூர்த்தமா?"

கடலோரப் பாதையில் போனார்கள். அதுவும் ஒற்றைத் தடம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே சின்ன இடம் விட்டிருக்கிறார்கள். அது இடது பக்கம் இருந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும்; வலது பக்கம் இருந்தால் நேரே நின்று எதிர் வண்டியை அதற்குள் விட வேண்டும். போகிறவர் கையைத் தூக்கி நன்றி சொல்கிறார். நாலு வண்டி தாண்டியதும் சின்ன யானைக்காரரும் கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். வீட்டம்மா மடியில் மேப். "இப்போ ஒரு ஊரு வரணும்... வந்திடுச்சு! அப்புறம் ரோடு கடலை விட்டு உள்ள போகும் பாருங்க." மதியத்துக்குள் அவர் விரல் ரோட்டை விட ஒரு வளைவு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அங்கே மேகம் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் தீவுகள் தெரிந்தன.

பேப்பர் ஜெயித்தது, கதை முடிந்தது என்று சொல்லலாம்தான். ஆனால் முடியவில்லை. சாயங்காலம் திரும்பி வரும்போது சிக்னல் வந்தது. வந்ததுமே போன் ஒரு வேலை செய்தது. இன்வெர்னஸுக்குள் நுழையும் கெஸாக் பாலத்தில் சிவப்புக் கோடு. ஏதோ விபத்து, வண்டிகள் நிற்கின்றன. கான்டினில் திரும்பி மியூர் ஆஃப் ஆர்ட், பியூலி வழியாகப் போ என்றது. போனார்கள். இருட்டுவதற்குள் வீடு. காகித மேப்புக்கு அந்தப் பாலம் என்றும் திறந்தே இருக்கும். அதில் எந்தக் காலத்திலும் விபத்து நடக்காது.

"பாத்தியாப்பா?" என்றாள் மகள்.

"பாத்தேன், பாத்தேன். அதான் ரெண்டும் வேணும்ங்கறேன்."

இதில் வணிகவியல் எங்கே வந்தது?

வகுப்பில் தூங்காதவர்களுக்கு பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மெண்ட் ஞாபகம் இருக்கும். நாம் எழுதும் கேஷ் புக் ஒரு தொகை காட்டும். பேங்க் பாஸ் புக் வேறு தொகை காட்டும். எது பொய்? இரண்டும் பொய்யில்லை. போட்ட செக் இன்னும் பாஸாகவில்லை. பேங்க் பிடித்த கட்டணம் நமக்குத் தெரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எங்கே என்று தேடினால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

காகித மேப் கேஷ் புக் மாதிரி. நிதானமாக உட்கார்ந்து, மொத்த ஊரையும் பார்த்து, எங்கே மலை, எங்கே காடு, எத்தனை வழி என்று நாமே போட்டுக்கொள்ளும் கணக்கு. ஆப் பாஸ் புக் மாதிரி. இந்த நிமிஷம் நிலவரம் என்ன என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் கண்ணை மூடிக்கொண்டு (ஓட்டும்போது வேண்டாம்!) போகலாம். ஒத்துப்போகவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டி ஏன் என்று கேட்க வேண்டும். ஏழு நிமிஷம் மிச்சம் என்று ஆப் சொன்ன ரோடு மேப்பில் காட்டுப் பச்சைக்குள் போகிறதா? அப்போது அந்த ஏழு நிமிஷத்தின் விலை என்ன என்று யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டில் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு சின்ன யானைக்காரரின் அனுபவத்தில் இருந்து சில:

1. முதல் நாள் ராத்திரி காகிதத்தில் மொத்த வழியையும் பாருங்கள். நாலைந்து ஊர்ப் பெயரை வரிசையாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். ரோடு நம்பரையும்.

2. ஆப்பில் அந்தப் பகுதியை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். சார்ஜர் ஒயர் மறக்க வேண்டாம். சார்ஜ் போனால் மேப்பும் போச்சு.

3. மேப் எந்த வருஷத்துப் பதிப்பு என்று பாருங்கள். என்.எச். 7 என்று இருந்தால் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் விரிக்கலாம்.

4. ஓட்டுகிறவர் ஓட்டட்டும். மேப்பைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். அப்பாவுக்கு அம்மா வழி சொல்லும் காட்சியைப் பார்க்கும் பாக்கியமும் கிடைக்கும்.

5. போர்டு ஒன்று சொல்லி, போன் வேறு சொன்னால் போர்டை நம்புங்கள். போர்டு அந்த இடத்திலேயே நிற்கிறது.

6. மனுஷர்கள் கண்ணில் பட்டால் கேளுங்கள்.

இப்போது சின்ன யானையின் டேஷ்போர்டில் ஹோல்டரில் போன் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஸ்காட்லாந்து மேப் இருக்கிறது. ஓசூரில் அது எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். ராத்திரி ராயக்கோட்டை ரோட்டில் திரும்பும்போது மட்டும் அந்த டீக்கடையில் கட்டாயம் ஒரு டீ. டீ ஒரு சாக்குத்தான். முதல் வாய் குடிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்:

"அண்ணா, இன்னைக்கு எங்க நிக்குது?"

இன்னொரு பழக்கமும் புதிதாக வந்திருக்கிறது. சிப்காட்டில் புது டிரைவர் யாராவது முதல் தடவை சேலம் லோடு ஏற்றுவதாகக் காதில் விழுந்தால், தெரிந்தவரோ தெரியாதவரோ, வண்டி கிட்டே போய் நிற்பார். தொப்பூரைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.